மறையூரில் டிரெய்லரை நிறுத்தி மூன்று வாரம்: சின்னாரிலும் இரவிகுளத்திலும் காட்டுயிர் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகிறவர்களில் பெரும்பாலோர் சின்னார் காட்டை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறார்கள். கார் கண்ணாடியை இறக்கினால் நாலு புள்ளிமான், ஒரு மயில், அதிர்ஷ்டம் இருந்தால் மூங்கிலுக்கு நடுவே ஒரு யானை முதுகு. "இந்தக் காட்டுல ஒண்ணுமே இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டே மேலே ஏறிவிடுகிறார்கள். அந்தச் சாலையோர ஆற்று மரங்களில்தான், இந்தியாவில் மிகச் சில இடங்களில் மட்டுமே வாழும் நரை அணில் பகல் முழுவதும் படுத்துக் கிடக்கிறது. அதைப் பார்க்க ஒரே ஆற்றங்கரைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அப்படிப் போக வேண்டுமென்றால் பக்கத்தில் தங்க வேண்டும், அதுவும் நாள் கணக்கில்.

நெடுநாள் தங்குவதற்கு, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு டிரெய்லர் நல்ல ஏற்பாடு. அடுப்பு, படுக்கை, கழிவறை எல்லாம் கூடவே வந்துவிடும். விடியுமுன்னே டீ போட யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. ஆனால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு தினமும் ஊர் ஊராகப் போனால் இந்த வசதி எல்லாம் வீண். ஓர் இடத்தில் நிறுத்துங்கள், மூன்று வாரம் நகராதீர்கள், காரை மட்டும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்வாருங்கள். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

1. எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள்ளோ சின்னார் சரணாலயத்துக்குள்ளோ டிரெய்லரை நிறுத்திப் படுக்க முடியாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, உள்ளே நுழையவே அனுமதி வேண்டும். இரவு தங்க வேண்டுமென்றால் வனத்துறையின் சொந்த விடுதிகளில்தான் தங்கலாம். சின்னாரில் மரத்தின்மேல் கட்டிய வீடு, மரக்கட்டை வீடு என்று அப்படிச் சில ஏற்பாடுகள் உண்டு. மூன்று வாரத்தில் ஓர் இரவாவது அங்கே தங்கிவிடுங்கள் என்பேன். மற்ற நாளெல்லாம் எல்லைக்கு வெளியே, ஊருக்குள், பட்டா நிலத்தில்.

அந்த ஊர் மறையூராக இருப்பது நல்லது. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி சேர்ந்த அஞ்சுநாடு கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் இருந்தாலும் பேச்சு தமிழ். கடையில், தோட்டத்தில், பஸ்ஸில் மொழிச் சிக்கல் வராது. ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம், இரவில் இதமான குளிர். கீழே இறங்கினால் வறண்ட சின்னார், மேலே ஏறினால் இரவிகுளத்தின் புல்மலை. இரண்டு காட்டுக்கும் நடுவில் இவ்வளவு வசதியான ஊர் வேறில்லை.

ஊருக்குள் எந்த இடம் என்பதில்தான் கவனம் வேண்டும். மறையூரைச் சுற்றிக் கரும்புக் காடு. இங்கே காய்ச்சும் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கரும்பு மனிதர்களைப் போலவே யானைகளுக்கும் பிடிக்கும். இடம் பார்க்கப் போகும்போது நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டியவை: ஆனை எந்தப் பக்கமாக இறங்கும்? போன மாதம் எப்போது வந்தது? பக்கத்தில் வெட்டுக்கு நிற்கும் கரும்பு உண்டா, வாழை உண்டா, பலா மரம் உண்டா? வெல்லம் காய்ச்சும் ஆலை எத்தனை தூரம்? "ஆனையெல்லாம் வராது சார், தைரியமா இருங்க" என்று சட்டென்று சொல்கிறவரைவிட, "மேல வரப்பு வழியா வரும், ராத்திரி அந்தப் பக்கம் மட்டும் போகாதீங்க" என்று கையை நீட்டிக் காட்டுகிறவரின் இடம் பாதுகாப்பானது. அப்புறம் வேலிக்குக் கரண்ட் கொடுத்திருக்கிறார்களா, எந்த நேரம் கொடுக்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். குழந்தைகளோடு போனால் இது முக்கியம்.

இரண்டு வீடு, ஒரு மாட்டுக் கொட்டகை, நாய் என்று ஆள் நடமாட்டம் உள்ள தோட்டமாகப் பாருங்கள். தனிமையில் ஆற்றோரமாக இருக்கும் இடம் படத்தில் அழகாக இருக்கும். ராத்திரியில் அந்த ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் வேறு.

காந்தளூருக்கு டிரெய்லரை ஏற்ற நினைக்க வேண்டாம். ஏற்றம் செங்குத்து, சாலை குறுகல், எதிரே ஜீப் வந்தால் பின்னோக்கி எடுக்க வழியில்லை.

2. எப்போது போவது

மூணாறில் ஜூன், ஜூலையில் மழை கொட்டும்போது மறையூரில் தூறல்தான் இருக்கும், சின்னாரில் வெயிலே அடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்றை ஆனைமுடி உள்ளிட்ட உயர்ந்த மலைகள் மறித்துவிடுவதால் இந்தப் பக்கம் மழைமறைவு. சின்னாருக்கு மழை பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. நட்சத்திர ஆமை வெளியே நடமாடுவதைப் பார்க்க அந்த மழைநாட்கள் ஏற்றவை. டிரெய்லருக்கு அவை ஏற்றவை அல்ல. வயல் மண்ணில் சக்கரம் இறங்கிவிடும்.

பொங்கல் முடிந்த கையோடு கிளம்புவதுதான் என் விருப்பம். விடுமுறைக் கூட்டம் வடிந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், சின்னாரில் இலை உதிரத் தொடங்கி உள்ளே பார்வை போகும். ஒரு கணக்கு மட்டும் நினைவில் வையுங்கள்: வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் இரவிகுளத்தைப் பொதுவாக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் மூடிவிடுவார்கள். ஆகவே ஜனவரி கடைசிக்குள் இரவிகுளத்தை முடித்துக்கொண்டு, சின்னாரைப் பிப்ரவரிக்குத் தள்ளலாம். கோடை முற்றினால் காட்டுத்தீ பயத்தில் சின்னாரிலும் நடைப் பயணங்களை நிறுத்திவிடுவது உண்டு. கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் பூங்காவைத் திறந்ததும் போனால் தாயோடு ஒட்டிக்கொண்டு திரியும் வரையாட்டுக் குட்டிகளைப் பார்க்கலாம். அப்போது பள்ளி விடுமுறை, மூணாறு திணறும். பார்க்க நினைப்பது குட்டிகளைத்தான் என்றால் அந்தக் கூட்டத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

3. டிரெய்லரை மலைக்குத் தயார் செய்வது

டிரெய்லருக்கும் தனிப் பதிவு எண், தனி ஆவணங்கள் வேண்டும். மாநில எல்லை தாண்டுகிறீர்கள், சோதனைச்சாவடியில் கேட்பார்கள். வாடகைக்கு எடுத்தால் கேரளத்துக்குள் போக அந்த வண்டிக்கு அனுமதியும் வரியும் சரியாக இருக்கிறதா என்று காகிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். வாய்வார்த்தை போதாது. கேரள அரசே 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை வெளியிட்டிருக்கிறது. வண்டியைப் பார்த்தால் அதிகாரிகளுக்கு முன்போல வியப்பு இல்லை, ஆனால் காகிதம் காகிதம்தான்.

எடையை ஏற்றும் விதத்தில்தான் பாதி பயணம் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, அரிசி மூட்டை போன்ற கனமான சாமான்கள் சக்கர அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால், தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். மொத்த எடையில் ஏறத்தாழ 60 பங்கு அச்சுக்கு முன்னாலும் 40 பங்கு பின்னாலும் என்பது பழைய கணக்கு. பின்பக்கம் கனத்தால் சமவெளியில் வேகம் எடுக்கும்போது டிரெய்லர் இடமும் வலமும் வாலாட்டும். அப்படி ஆடத் தொடங்கினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கை ஓங்கி மிதித்தால் ஆட்டம் கூடும்.

உடுமலைப்பேட்டையில் டீசல், காய்கறி, மருந்து, பணம் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியை மட்டும் கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, அதை மலைக்கு இழுப்பானேன்? மறையூரில் போய் நிரப்பிக்கொள்ளலாம்.

அமராவதி நகர் பிரிவு தாண்டியதும் காடு. தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் சின்னார் சரணாலயம், நடுவே ஒரே சாலை. காலை வெயில் ஏறிய பிறகு நுழைந்து, மதியத்துக்குள் மறையூர் சேர்ந்துவிடுங்கள். இருட்டில் இந்தச் சாலையில் டிரெய்லரோடு போகவே கூடாது. யானை குறுக்கே நின்றால் காரைப் பின்னோக்கி எடுக்கலாம், டிரெய்லரோடு அந்த வளைவுகளில் எடுக்க முடியாது. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் பொறுமையாக ஏறுங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தால், ஊர் எல்லைக்குள் வந்தபின் ஒதுங்கி வழிவிடுங்கள். காட்டுக்குள் நிறுத்துவது குற்றம், சந்தனக் காடு வேலியோரம் நிறுத்தினால் கேள்வி இன்னும் பலமாக வரும். கேரளத்தில் சந்தன மரம் இயற்கையாகச் செழித்து வளரும் காடு மறையூரில்தான் இருக்கிறது, காவலும் அதற்கேற்ப.

இறங்கும் பயணத்தில்தான் பிரேக் சூடேறும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். சமவெளிக்கு வந்ததும் நிறுத்தி, டிரெய்லர் சக்கரத்தின் நடுவில் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தகித்தால் பேரிங்கோ பிரேக்கோ சிக்குகிறது என்று பொருள்.

4. முகாம் போடுவது

போனவுடன் தரை மட்டம் பாருங்கள். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி டிரெய்லர் தரையில் வைத்தாலே தெரிந்துவிடும். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்குப் பலகை கொடுத்து ஏற்றி, இரண்டு பக்கமும் கட்டை போட்டபிறகே காரிலிருந்து கொக்கியைக் கழற்ற வேண்டும். வாசலை மேட்டுப் பக்கம் பார்த்து வைக்காதீர்கள். இரவில் மலைக் காற்று கீழே இறங்கும், நேரே படுக்கைக்கு வரும்.

தண்ணீர்: சிக்கனமாக இருந்தால் ஓர் ஆளுக்கு நாளுக்கு 15 முதல் 20 லிட்டர் போதும். குளியலைத் தோட்டத்துக் குழாயடியில் வைத்துக்கொண்டால் இன்னும் குறையும். குடிக்கக் கொதிக்க வைத்த தண்ணீர். மூணாறு உள்ளிட்ட கேரள மலைப் பகுதிகளில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம்: 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஏறத்தாழ 1,200 வாட்-மணி தரும். அதே அளவு ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்குமேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். சிறிய 12 வோல்ட் குளிர்பெட்டி, நாலு எல்இடி விளக்கு, போன், கேமரா சார்ஜ் எல்லாம் சேர்ந்தால் ஒரு நாளுக்கு 600 வாட்-மணி பக்கம் போகும். மறையூர் வெயிலுக்கு 200 வாட் சோலார் தகடு இதைச் சமாளிக்கும், தகட்டை நிழல் படாமல் வைத்தால். ஒரு கிளையின் நிழல் மூலையில் விழுந்தாலே வரவு பாதியாகிவிடும். ஜெனரேட்டர் வேண்டாம். அந்தச் சத்தத்தோடு காட்டுயிர் பார்க்க வந்தேன் என்று சொல்ல முடியாது.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர். குளிருக்கு அடக்கமாக இருக்கும் என்று கதவைச் சாத்திக்கொண்டு டிரெய்லருக்குள் கரி அடுப்போ கணப்போ வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கம்பளி இன்னொன்று போர்த்திக்கொள்ளுங்கள்.

கழிவுநீர்: பாத்திரம் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடாமல், நிலத்துக்காரர் காட்டும் இடத்தில் முழங்கால் ஆழக் குழி வெட்டி, கல்லும் மணலும் போட்டு அதில் விடுங்கள். கழிவறைப் பெட்டியை வீட்டுக் கழிவுத் தொட்டியில் மட்டும் கொட்ட வேண்டும், அதற்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். பாம்பாற்றுக்குப் போகிற எந்தத் தண்ணீரும் கீழே அமராவதி அணைக்குப் போகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் இது ஒன்று. நம் கழிவு உடுமலை, தாராபுரம் பக்கத்து மக்களுக்குத்தான் போய்ச்சேரும்.

5. சாப்பாடும் யானையும்

இந்தப் பகுதியைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூணாறு வட்டாரத்தில் படையப்பா என்று எல்லோரும் அழைக்கும் கொம்பன் யானை, காய்கறிக் கடைகளையும் பெட்டிக்கடைகளையும் தேடி வருவதில் பேர்போனது. சின்னக்கானல் பகுதியில் அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது கம்பத்துக்குள் இறங்கியதும் ஜூனில் தமிழ்நாடு வனத்துறை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. மனிதச் சாப்பாட்டின் வாசனை பழகிப்போனால் ஒரு யானைக்கு என்ன ஆகிறது என்பதற்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்? தகரமும் ஒட்டுப்பலகையுமான டிரெய்லர் சுவர் யானைக்கு ஒரு பொருட்டே இல்லை.

அரிசி, உப்பு, வெல்லம், வாழைப்பழம், பலா இவற்றை டிரெய்லரில் வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். இரண்டு நாளுக்கு மேல் வாங்கவே வேண்டாம், கடை பக்கத்தில்தான் இருக்கிறது. மிச்சத்தை இரவில் நிலத்துக்காரர் வீட்டுக்குள் கொடுத்து வையுங்கள். முக்கியமாக, மறையூர் வெல்லத்தை ஊருக்கு எடுத்துப்போக நினைத்தால் கடைசி நாளில் வாங்குங்கள். சாராய வாசனையும் யானையை இழுக்கும். குப்பையை மாலைக்குள் கட்டி ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். குரங்குகளுக்காகவும் இதே ஒழுங்கு தேவைப்படும். சன்னலைத் திறந்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது மாவு டப்பா மரத்தில் இருக்கும்.

இரவில் கிளை முறியும் சத்தம் கேட்டால் வெளிச்சம் அடிக்காதீர்கள், வெளியே வந்து படமெடுக்காதீர்கள். எல்லாரும் உள்ளே இருந்தபடியே நிலத்துக்காரருக்கு போன் போடுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும், வனத்துறை எண்ணும் அவரிடம் இருக்கும்.

6. சின்னாரில் எப்படிப் பார்ப்பது

சின்னார் 90.44 சதுர கிலோமீட்டர்தான், 1984இல் சரணாலயம் ஆனது. சின்ன இடத்துக்குள் முட்புதர், இலையுதிர்காடு, ஆற்றோரப் பச்சை, மேலே சோலை வரை எல்லாம் இருக்கிறது. உள்ளே நடப்பது வனத்துறை வழிகாட்டியோடு மட்டுமே. வழிகாட்டிகள் பெரும்பாலும் அங்கேயே பிறந்து வளர்ந்த முதுவர், புலையர் குடிகளைச் சேர்ந்தவர்கள். தமிழில் பேசலாம். முதல் நாளே "அண்ணே, எங்களுக்குப் புலி, ஆனைதான் வேணும்னு இல்ல, நீங்க எங்க உக்காரச் சொல்றீங்களோ அங்க உக்காந்துக்கறோம்" என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் நடை மெதுவாகிவிடும், காட்டுவதும் மாறிவிடும். முடிந்தால் மூன்று வாரமும் ஒரே வழிகாட்டியைக் கேளுங்கள்.

நரை அணிலுக்கு ஆற்றோரம்தான் இடம். நீர்மருது, புங்கன், நாவல், புளி என்று கிளையோடு கிளை பின்னியிருக்கும் மரவரிசையை விட்டு அது இறங்குவது அரிது. மேலே பார்ப்பதற்குமுன் கீழே பாருங்கள்: கடித்துத் துப்பிய காய்த்தோல் ஈரமாகக் கிடந்தால் ஆள் தலைக்கு மேலேதான் இருக்கிறது. அப்புறம் அந்த மரத்தை அடியிலிருந்து நுனி வரை கிளை கிளையாகத் தேடுங்கள். வெயில் ஏறியதும் ஒரு தடித்த கிளைமீது வயிற்றை ஒட்டிப் படுத்து, நாலு காலும் இரண்டு பக்கமாகத் தொங்க, உடம்பு நீளத்துக்கே வால் நேராகக் கீழே விழுந்திருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த முதுகு பட்டையோடு கலந்துவிடும். காட்டிக்கொடுப்பது அந்த வால்தான், காற்றில்லாதபோதும் நுனி லேசாக ஆடும். முதல் நாள் இதைக் கண்டுபிடிக்க வழிகாட்டி வேண்டும். மூன்றாவது முறை போகும்போது நீங்களே கண்டுபிடிப்பீர்கள். அதே மரத்தில் இலையும் குச்சியும் சேர்த்துக் கட்டிய கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். கூடு தெரிந்துவிட்டால், தள்ளி உட்கார்ந்து விடியலில் அது வெளியே வருவதற்குக் காத்திருக்கலாம்.

காத்திருக்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் அரை மணி காடு உங்களைத்தான் கவனித்துக்கொண்டிருக்கும். மந்திகள் முணுமுணுக்கும், தவிட்டுக்குருவிகள் கத்தும். அது அடங்கிய பிறகுதான் மான் தண்ணீருக்கு இறங்கும்.

காற்றின் திசையும் முக்கியம். வெயில் ஏறியபின் காற்று சரிவில் மேல்நோக்கிப் போகும், அப்போது நாம் மேட்டில் இருந்தால் நம் வாசனை கீழே உள்ள விலங்குக்குப் போகாது. சூரியன் சாய்ந்ததும் குளிர்ந்த காற்று பள்ளத்துக்கு இறங்கும், மேட்டில் உட்கார்ந்த ஆளின் வாசனை நேரே ஆற்றுக்குப் போய்விடும். வழிகாட்டி ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், இதற்காகத்தான்.

தடம் படிக்கப் பழகுங்கள். யானை லத்தி புதிதென்றால் பளபளப்பும் ஈரமும் வாசனையும் இருக்கும், சாணி வண்டுகள் மொய்க்கத் தொடங்கியிருக்கும். ஆவி பறந்தால் வழிகாட்டி சொல்லுமுன்னே திரும்பிவிடலாம். கரடியின் எச்சத்தில் பழக்கொட்டைகள் நிறைய இருக்கும். சிறுத்தையின் தடத்தில் நகம் பதியாது, நாய், செந்நாய்த் தடத்தில் பதியும். காட்டுமாட்டைப் பார்த்தால், அதுவும் தனியாக நிற்கும் கிழக் காளை என்றால், எத்தனை சாதுவாகத் தெரிந்தாலும் கிட்டே போக வேண்டாம்.

ஆற்றில் குளிக்கவே கூடாது. சின்னாறு, பாம்பாறு, அமராவதி மூன்றிலும் முதலை உண்டு. பாறைமேல் வாயைத் திறந்தபடி வெயில் காய்வதைத் தூரத்திலிருந்து பார்த்தால் மரக்கட்டை என்றுதான் தோன்றும்.

பறவை பார்க்கிறவர்களுக்கு ஒரு பெயர்: மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டும் வாழும் இது சின்னார்ப் பாறைச் சரிவுகளில் இருக்கிறது. குரல் மற்றச் சின்னான்களைப் போலவே இருப்பதால் காதை நம்பாமல், பாறையும் புதரும் சேரும் இடத்தில் கண்ணால் தேடுங்கள்.

7. இரவிகுளத்துக்கு

மறையூரிலிருந்து மூணாறு நோக்கி ஏறினால் தலையாறு, வாகுவரை, கன்னிமலை என்று தேயிலைத் தோட்டங்களாகவே வரும். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சாலை, வளைவுகளோ ஏராளம். பூங்காவின் நுழைவிடம் மூணாறுக்கு முன்னாலேயே, அஞ்சாம் மைலில். காரை அங்கே நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் பூங்காவுக்குள் இருக்கும் ராஜமலைக்குப் போக வேண்டும். இணையத்தில் முன்பதிவு செய்து, வாரநாளில் காலை முதல் பேருந்தைப் பிடியுங்கள். பத்து மணிக்குமேல் வரிசை நீளும், பனிமூட்டமும் ஏறும்.

97 சதுர கிலோமீட்டர் பூங்காவில் நமக்குக் காட்டுவது ஒரு சிறு துண்டு, தார் போட்ட நடைபாதை. ஆனாலும் வரையாட்டை இவ்வளவு பக்கத்தில் வேறு அதிக இடங்களில் பார்க்க முடியாது. 2025இல் கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்து கணக்கெடுத்தபோது இரவிகுளத்தில் மட்டும் 841 வரையாடுகள் இருந்தன. ஒரு காலத்தில் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்காடாக இருந்த இடம், 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவானது. பல தலைமுறையாக யாரும் சுடாததால்தான் இவை மனிதனைக் கண்டு ஓடுவதில்லை. அந்த நம்பிக்கையைப் பிஸ்கட் கொடுத்துக் கெடுக்க வேண்டாம்.

பெரும்பாலோர் ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நீங்கள் ஒரு மந்தையை எடுத்துக்கொண்டு எண்ணுங்கள். முதுகில் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் சேணம் போட்டதுபோல் இருப்பது முதிர்ந்த கிடா. பெட்டைகளும் இளசுகளும் பழுப்பு. எத்தனை கிடா, எத்தனை பெட்டை, எத்தனை இளசு என்று எழுதி வைத்தால், அடுத்த வாரம் போகும்போது அதே மந்தையா என்று உங்களுக்கே புரியும். யார் தலை நிமிர்த்திக் காவல் நிற்கிறது, எப்போது பாறைக்கு ஏறுகிறது, பனி இறங்கினால் எங்கே ஒதுங்குகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். 2,695 மீட்டர் ஆனைமுடி தலைக்கு மேலே நிற்கும், அதில் ஏற அனுமதி கேட்டு அலைய வேண்டாம். பாதையோரப் புல்லில் நீலகிரி நெட்டைக்காலி, சோலை விளிம்பில் பழனிச் சிரிப்பான் என்ற இரண்டு பறவைகளையும் தேடுங்கள். குறிஞ்சி மட்டும் இப்போது கிடைக்காது. 2006, 2018 போல அடுத்த பெரும் பூப்பு 2030இல்.

8. நாட்களை எப்படிப் பிரிப்பது

வந்த முதல் இரண்டு நாள் காட்டுக்கே போகாதீர்கள். தோட்டத்தைச் சுற்றி நடந்து பழகுங்கள், கோவில்கடவுப் பக்கம் பாறைமேல் நிற்கும், பழங்காலத்துக் கல் அறைகளான முனியறைகளைப் பாருங்கள், பாதை எது பள்ளம் எது என்று கண்ணுக்குப் பழகட்டும். முதல் வாரம் இரவிகுளம் ஒரு முறை, சின்னார் இரண்டு முறை. இரண்டாம் வாரம் சின்னாரில் ஒரே ஆற்றங்கரைக்குத் தொடர்ந்து போங்கள், வனத்துறை விடுதியில் ஓர் இரவையும் அப்போது வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் வாரம் எதை இன்னும் சரியாகப் பார்க்கவில்லையோ அதற்கு. நடுவே வாரம் ஒரு நாள் முழு ஓய்வு. துணி துவைக்கவும் தூங்கவும் அது வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் அவசியம். தேதி, நேரம், இடம், காற்று, என்ன விலங்கு, என்ன செய்துகொண்டிருந்தது. ஒன்றும் பார்க்காத நாளையும் எழுதுங்கள். எந்த நேரத்தில் அந்த ஆற்றங்கரை காலியாக இருக்கிறது என்று அதுதான் சொல்லும். தொலைநோக்கி 8x42 போதும். பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவதில் கண் பார்ப்பதை விட்டுவிடுகிறது. டிரோன் எடுத்துவரவே வேண்டாம். உதிர்ந்த மான்கொம்பு கிடந்தாலும் குனிந்து எடுக்கக் கூடாது, வைத்திருப்பதே குற்றம்.

9. உடம்பு

வறண்ட காட்டில் உண்ணி, ஈரச் சோலையில் அட்டை. நடந்து வந்ததும் இடுப்பு, அக்குள், முழங்கால் மடிப்பெல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணியைத் தோலோடு ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும், நெருப்பு வைக்கக் கூடாது. ஊருக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வெளியே கழற்றிய செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். பாம்பு கடித்தால் கட்டு, கீறல், நாட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, உடுமலைப்பேட்டையோ மூணாறோ, எது சீக்கிரம் போகுமோ அங்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காட்டுச் சாலையில் போன் சிக்னல் கிடைக்காது என்பதால், மறையூரிலிருந்து கிளம்புமுன்பே பேச வேண்டியவர்களிடம் பேசிவிடுங்கள்.

10. கிளம்பும்போது

கழிவுநீர்க் குழியை மூடி மண்ணை மிதித்து மட்டமாக்குங்கள். சக்கரத்துக்குப் போட்ட பலகை, ஆணி, கயிறு எல்லாம் எடுத்தாகிவிட்டதா என்று டிரெய்லரை நாலடி நகர்த்தியபின் மறுபடி நடந்து பாருங்கள். மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்ற டயரில் காற்று குறைந்திருக்கும், அடியில் எலியோ குளவியோ கூடு கட்டியிருக்கும். விளக்கு, பிரேக், கொக்கிச் சங்கிலி மூன்றையும் ஒருவர் உள்ளே இருக்க இன்னொருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். வழிகாட்டிக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள். எண்ணி வைத்த வரையாட்டுக் கணக்கு, பார்த்த பறவைகளின் பட்டியல் இரண்டுக்கும் ஒரு நகல் எடுத்து வனத்துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, வெயில் ஏறியதும் சின்னார் சாலையில் இறங்குங்கள்.